பொதுக் கிணறு

இந்த மனிதர் இன்னும் ஒரு தடவை "சட்டம் அப்படித்தான் அம்மா" என்று சொன்னால் நான் இந்த மணலிலேயே உட்கார்ந்துவிடுவேன். எழும்பமாட்டேன். இவர் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டு போகட்டும். பின்னேரம் மனுவேல் வந்து, தொலைந்த மாட்டைத் தேடுவதுபோல் தேடி என்னைக் கண்டுபிடிக்கட்டும்.

அப்படி நினைத்தபடியே அனஸ்தாசியா நாடாவின் நுனியை வேலிக்கட்டையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதிர்ப்பக்கம் குனிந்திருந்த பிரதேச சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் நிமிர்ந்து, இடுப்பில் கையை ஊன்றி, "இருபது அடி. பாதை சரி" என்றார். அவர் சிலாபத்துக்காரர். சிங்களமும் தமிழும் அவருக்கு ஒன்றுதான். இரண்டையும் ஒரே அளவு களைப்போடு பேசுவார்.

பாதை சரி. இந்த இரண்டு சொல்லுக்காக அவள் ஆலங்குடாவில் எத்தனை வாசல்களில் நின்றிருக்கிறாள். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் வேலியில் சாய வேண்டிய ஒழுங்கை அது. தம்பி றொபியின் தென்னங்காணியைத் துண்டு போட்டு விற்பதென்றால் பாதை அகலமாக வேண்டும் என்று சபை சொன்னது. அவள் வீடு வீடாகப் போய்க் கேட்டு, வேலிகளை உள்ளே தள்ள வைத்தாள். பிறகு மின்சாரம் வந்தது. கம்பம் நடுகிற இடத்தில் ஒரு தென்னை நின்றது, அதை வெட்ட வேண்டியிருந்தது. பிறகு மழைத்தண்ணீர் ஓடுவதற்குக் கான் வெட்டச் சொன்னார்கள். விழுந்த மழையை விழுந்த இடத்திலேயே குடித்துவிடுகிற மணலில் கான் எதற்கு என்று அவள் கேட்டபோதுதான், சட்டம் அப்படித்தான் என்ற அந்தப் பதில் முதன்முதலாக வந்தது. கானையும் வெட்டினார்கள். கச்சான் காற்று அதை மணலால் மூட மூட, அவள் புருசன் மனுவேல் மண்வெட்டியோடு போய்த் திறந்துவிட்டுக்கொண்டிருந்தான்.

றொபி இத்தாலியில் இருந்தான். அக்காவின் பெயருக்கு அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்பியிருந்தான். ஆகவே அவனுக்காகக் கையெழுத்து வைப்பதும், அவனுக்காகக் கந்தோர்க் கதிரைகளில் காத்திருப்பதும் அவள் வேலையாயிற்று.

"இனித் தண்ணி" என்றார் உத்தியோகத்தர்.

காணியின் நடுவில் புதுக்கிணறு இருந்தது. கோடையிலும் நெஞ்சளவுக்குத் தண்ணீர் நிற்க வேண்டும் என்று போன தடவை அவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். இந்தக் கரையில் நல்ல தண்ணீர் என்பது பாலின் மேல் படிகிற ஆடை மாதிரி. மேலே மெல்லியதாகக் கிடக்கும், கீழே முழுவதும் கடல். அது கிணறு வெட்டியவனுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும், வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் நெஞ்சளவு கேட்டிருந்தார்கள். கொங்கிறீட் வளையத்தை இன்னும் ஒன்று இறக்கினார்கள், பிறகு இன்னும் ஒன்று. நெஞ்சளவு வந்தது.

உத்தியோகத்தர் வாளியில் கைவிட்டு ஒரு வாய் எடுத்தார். திரும்பி நின்று துப்பினார்.

"கடல்."

"நீங்கதானே சேர் ஆழம் கேட்டீங்க."

"ஓம், கேட்டன்." அவர் கோபப்படவில்லை. கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "எனக்குத் தந்த அளவை நான் கேட்டன். இல்லாட்டி என்னைக் கேப்பாங்க."

அவரும் பாவம்தான் என்று அவள் நினைத்தாள். அப்படி நினைக்க வேண்டியிருந்ததும் அலுப்பாக இருந்தது. ஒரு ஆளையாவது முழுதாக வெறுக்க முடிந்தால் உடம்புக்குக் கொஞ்சம் தெம்பு வந்திருக்கும்.

"பத்துப் பேர்ச் துண்டு" என்று அவர் தொடர்ந்தார். "ஒவ்வொரு துண்டிலயும் கிணறு வெட்டினா, கக்கூஸ் குழிக்கும் கிணத்துக்கும் நடுவில ஐம்பது அடி வராது. குழாய்த் தண்ணி இந்தப் பக்கம் எப்ப வரும் எண்டு கேட்டா, எனக்கும் தெரியாது. எல்லாத் துண்டுக்கும் சேத்து ஒரு பொதுக் கிணறு காட்டினீங்க எண்டா நான் எழுதலாம்." அவர் பார்வை வேலியைத் தாண்டிப் போயிற்று. "அது ஆரின்ட கிணறு?"

அவளும் திரும்பிப் பார்த்தாள், தெரியாததுபோல.

"என்ட."

"நல்ல தண்ணியா?"

இல்லை என்று சொல்லலாம். ஒரு சொல்தான். அதைச் சொல்லியிருந்தால் எல்லாம் அந்த இடத்திலேயே முடிந்திருக்கும். ஆனால் அவள் வீட்டுக் கிணற்றை அவளே குறை சொல்வது, பிள்ளைக்கு நோய் இருக்கிறது என்று பொய் சொல்வதுபோல் நாக்கில் ஏறவில்லை.

"ஓம்" என்றாள்.

*

பொழுது சாய்கிற நேரத்தில் றொபி போன் எடுப்பான். அங்கே அவனுக்கு அது மத்தியானம் தாண்டிய ஓய்வு நேரம். சாப்பாட்டுக் கடையின் பின்வாசலில், கவிழ்த்த மரக்கறிப் பெட்டி ஒன்றில் உட்கார்ந்திருப்பான். போனில் எப்போதும் அவன் முகம் பாதியும் பெரிய குப்பைத்தொட்டி ஒன்று பாதியும் தெரியும்.

"சாப்பிட்டீங்களா அக்கா?"

"இந்த நேரத்தில என்ன சாப்பாடு. தேத்தண்ணி குடிச்சன்."

"ரி.ஓ. என்னவாம்?"

அவள் உத்தியோகத்தர் சொன்னதைச் சொன்னாள். அவன் தாடையைச் சொறிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"அப்ப உங்கட கிணத்தைக் குடுங்க" என்றான். பக்கத்து மேசையில் இருக்கிற உப்பை எடுத்துத் தரச் சொல்வதுபோல் சொன்னான். "டேங்க் ஒண்டு கட்டி மோட்டரைப் போட்டு எல்லாத் துண்டுக்கும் பைப் விடுவம். உங்கட குசினிக்குள்ளயும் ஒரு பைப். வாளி தூக்கத் தேவையில்ல. முழங்கால் நோகுது எண்டு சொன்னீங்க."

"சொன்னன்."

"முதல் துண்டு எனக்கு. உங்கட வேலிக்கு அங்கால என்ட குசினி. நான் இருமினா உங்களுக்குக் கேக்கும்."

வாசலில் வலைக்கு ஈயம் கட்டிக்கொண்டிருந்த மனுவேல் தலை தூக்காமல் சொன்னான்: "இருமலைக் கேக்கிறதுக்கா இவ்வளவு பாடு? இப்பவே இருமச் சொல்லு, போனில கேப்பம்."

றொபி சிரித்தான். "அத்தான் மாறவே இல்ல."

"மாறுறதுக்கு ஆர் விட்டா" என்றான் மனுவேல்.

அவளும் சிரித்தாள். அம்மா இறந்தபோது றொபிக்குப் பள்ளிக்கூட வயது. அவள்தான் வளர்த்தாள். பிறகு அவளுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. றொபி இத்தாலிக்குப் போனான், அங்கேயே கலியாணம் கட்டினான், டயனா பிறந்தாள், மனைவி விட்டுப் போனாள். இதெல்லாம் நத்தார்ப் பண்டிகைக்கு ஒன்று, தலவில் கோயில் திருவிழாவுக்கு ஒன்று என்று வந்த அழைப்புகளில் அவளுக்குத் தெரிய வந்தவை. காணி விடயம் தொடங்கிய பிறகுதான் அவன் தினமும் எடுக்கிறான்.

அது அவளுக்குத் தெரியும். இன்னொன்றும் தெரியும். சபையில் நடந்ததை அவள் ஒரே நாளில் முழுதாகச் சொல்வதில்லை. கொஞ்சத்தை நாளைக்கு வைத்துக்கொள்வாள். முதலில் அதை மறதி என்று நினைத்திருந்தாள். ஒருநாள் கான் விடயத்தைச் சொல்ல வாயெடுத்து, வேண்டாம் நாளைக்குச் சொல்லலாம் என்று தானே தன்னை நிறுத்தியபோதுதான் பிடிபட்டது. இந்த வயதில் ஒரு குரலைக் கேட்பதற்காக இப்படிச் சேமிக்கிறேனா என்று கூசியது. கூசினாலும் அடுத்த நாளும் அதையே செய்தாள்.

*

அந்தக் கிணறு அம்மா அவளுக்குக் கொடுத்தது. தென்னங்காணி ஆண்பிள்ளைக்கு, வீடும் கிணறும் பெண்பிள்ளைக்கு. தண்ணீர் அள்ளுகிறவளுக்குத்தான் கிணறு என்று அம்மா சொன்னதாக ஞாபகம். ஒழுங்கையில் இருக்கிற வீடுகள் எல்லாம் குடிக்கவும் சோறாக்கவும் அதிலிருந்துதான் எடுத்தன. வாளியால்தான் எடுப்பார்கள். உச்சி வெயிலில் யாரும் வாளி விடுவதில்லை. கிணறு படுத்திருக்கிறது என்று பிள்ளைகளை அதட்டி அனுப்புவார்கள். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்ன பிறகு பெண்கள் கலன்களோடு வருவார்கள்.

மோட்டர் போட்டுத் தண்ணீர் எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டும் என்றார் உத்தியோகத்தர். அவருக்கு வரக்கூடிய நேரம் மத்தியானம்தான். மனுவேல் வெங்காயத் தோட்டக்காரன் ஒருவனிடமிருந்து மோட்டர் ஒன்றை இரவல் வாங்கி வந்து பூட்டினான். சத்தம் கேட்டுப் பக்கத்து வளவு மஹ்மூதா தலையில் முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"என்னா புள்ள இது. உன்ட தம்பி இத்தாலியில இரிந்துக்கிட்டு எங்கட வேலிய நகத்தினான். இப்ப கெணத்தையும் எழுப்பிட்டானா?"

"கொஞ்ச நேரந்தான் மஹ்மூதா. இவர் பாக்கணுமாம்."

"பாக்கட்டும், பாக்கட்டும். கெணறு எழும்பி வந்து இவருக்குச் சலாம் சொல்லும்."

உத்தியோகத்தர் கேட்டும் கேளாதவர்போல் நின்றார். தண்ணீர் குழாயை உதறிக்கொண்டு வந்தது. தடிப்பாக, வெள்ளையாக, தென்னையடியில் போய் விழுந்தது. அவர் இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தார். முகத்திலும் அடித்துக்கொண்டார். அன்றுதான் அவர் முகத்தில் ஒரு மனிதச் சந்தோசத்தை அவள் கண்டாள்.

"நல்ல தண்ணி" என்றார். "இனி ஒண்டுமில்ல அம்மா. இதைப் பொதுக் கிணறாக விட உங்களுக்குச் சம்மதம் எண்டு நொத்தாரிசிட்ட ஒப்பம் வையுங்க. மிச்சத்தை நான் அனுப்புறன்."

மோட்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் போன பிறகும் மனுவேல் அதை உடனே நிறுத்தவில்லை. சும்மா விழுகிற அவ்வளவு தண்ணீரைப் பார்த்து அவனுக்கும் ஒரு மயக்கம். அவளும் நிறுத்தச் சொல்லவில்லை. காலை நனைத்துக்கொண்டு நின்றாள். ஒன்றும் தூக்காமல் ஒன்றும் இழுக்காமல் இவ்வளவு தண்ணீர் என்று நினைத்தாள்.

விடிந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தபோது மனுவேல் ஒரு மிடறு குடித்துக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"சீனி எண்டு உப்பைப் போட்டுட்டியா?"

அவள் பானையிலிருந்து ஒரு கை எடுத்து நாக்கில் வைத்தாள். பிறகு வெளியே போய், விழுந்து கிடந்த தென்னோலை ஒன்றை இழுத்து வந்து கிணற்று வாயில் குறுக்கே போட்டாள்.

கோடை முற்றித் தண்ணீர் உவர்க்கும்போது போடுவது அது; ஓலை கிடந்தால் கிணறு ஓய்வெடுக்கிறது என்று அர்த்தம். ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள். பின்னேரம் கலன்களோடு வந்த பெண்கள் ஓலையைப் பார்த்தார்கள், ஒழுங்கையில் அப்படியே திரும்பிப் பள்ளிவாசல் கிணற்றுப் பக்கம் நடந்தார்கள். அகலமான புதுப்பாதையில் அவர்கள் சிறியவர்களாகத் தெரிந்தார்கள். மஹ்மூதா மட்டும் வேலியருகில் நின்றாள்.

"தலவில் திருநாளுக்கு முந்தியே ஓலையா?"

"மோட்டர்" என்றாள் அனஸ்தாசியா.

"ம்." மஹ்மூதா கலனை இடுப்பு மாற்றினாள். "பள்ளிக் கெணத்துத் தண்ணியில போட்ட தேத்தண்ணியக் குடிச்சா, என்னா புள்ள கசாயம் தந்திரிக்கியா எண்டு எங்கட ஊட்டுக்காரர் கேப்பாரு."

அனஸ்தாசியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மஹ்மூதாவும் சிரிக்கவில்லை.

"பாதைக்கு எடம் தா எண்டு நீ கேட்ட நேரம் நான் தந்தேன் அனஸ்தாசி. தம்பி வந்து பக்கத்துல இரிக்கப் போறான் எண்டு சொன்னாய். உனக்கும் ஒரு ஆள் வேணும்தானே எண்டு தந்தேன். கெணறு உன்ட. அதுல நான் கதைக்க ஏலாது."

அவள் போய்விட்டாள். சண்டை பிடித்திருக்கலாம். நாலு பேர் கேட்கக் கத்தியிருந்தால் திருப்பிக் கத்தலாம், கத்திக் களைத்துப் பிறகு ஒப்பத்தையும் வைத்துவிடலாம். இப்படிக் கலனை இடுப்பு மாற்றிக்கொண்டு போகிறவளை என்ன செய்வது.

*

றொபியிடம் அவள் அன்று எதையும் நாளைக்கென்று மிச்சம் வைக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஒரு மத்தியானம் ஓட்டினதுக்கா?"

"ஓம். ஒரு மத்தியானம்."

பின்வாசலில் யாரோ அவனை இத்தாலிய மொழியில் கூப்பிட்டார்கள். அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"ரி.ஓ.விட்டச் சொன்னீங்களா?"

"இல்ல."

"சொல்லாதீங்க. அவர் குடிச்ச நேரம் நல்லா இருந்ததுதானே. வாங்குறவங்க கொழும்புக்காரர் அக்கா. பட்டத்தைப் பிடிச்சுக்கொண்டு கடலில சறுக்க வாறவங்க. போத்தல் தண்ணிதான் குடிப்பாங்க. பிறகு குழாய் வரும்."

"எப்ப?"

"வரும்தானே."

"அவ்வளவு வீட்டுக்கும் குழி வெட்டுவாங்க றொபி. குளிப்பாங்க. புல்லுக்குத் தண்ணி விடுவாங்க. ஒரு மோட்டர் ஒரு மத்தியானம் ஓடினதுக்கே ஓலை போட்டிருக்கு."

"ஓலைய எடுத்துருங்க. நாளைக்கு நொத்தாரிசு வருவார். நான் அவரோட கதைச்சிட்டன், வீட்டுக்கே வாறன் எண்டு சொன்னார். நீங்க எங்கயும் போகத் தேவையில்ல. ஒரு ஒப்பம்."

அவள் போனைச் சீனிப்போத்தலில் சாய்த்து வைத்திருந்தாள். அவன் முகம் முழுதாகத் தெரிந்தது. காதோரம் நரைத்திருந்தது. தான் தலைவாரி விட்ட தலை என்று நினைத்தாள்.

"எனக்கு இனி ஏலாது அக்கா" என்றான் அவன். இதுவரை பேசிய குரல் இல்லை அது. "சோப்பில கையெல்லாம் வெடிச்சுப் போச்சு. டயனா தன்ட பாட்டில போயிட்டா. இரவு அறைக்குப் போனா லைற்றைப் போடக்கூட மனமில்ல. இந்தக் காணி போனாத்தான் நான் வரலாம். நான் உங்களிட்ட வேற என்ன கேட்டிருக்கிறன்?"

ஒன்றும் கேட்கவில்லை. அது உண்மை. இத்தாலிக்குப் போகும்போதும் கேட்கவில்லை. அவளாகவேதான் காசு கொடுத்தாள்.

மனுவேல் எழும்பி வெளியே போனான். உன் குடும்பக் காணி, நான் கதைக்கமாட்டேன் என்று அவன் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தான். அந்த நேரத்தில் அவன் ஏதாவது கதைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஊருக்காகத்தான் இப்படித் தயங்குகிறேனா என்று அவள் தன்னையே கேட்டுப் பார்த்தாள். அது முழு உண்மையாகப் படவில்லை. மஹ்மூதாவின் முகத்தை நாளைக்கு எப்படிப் பார்ப்பது என்ற கூச்சம் இருந்தது. அதுவும் போதவில்லை. ஒப்பம் வைத்துவிட்டால் இந்த அழைப்புகள் நின்றுவிடுமோ, அவன் வராமலே இருந்துவிடுவானோ என்ற பயமும் உள்ளே எங்கேயோ கிடந்தது. அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். அசிங்கமாக இருந்தது, ஆனால் அதுவும் காரணம் இல்லை. அவன் வருவான் என்றே வைத்துக்கொண்டாலும், அவளால் அந்த ஒப்பத்தை நினைத்துப் பார்க்க முடியவில்லை. பாதைக்கு இணங்கினாள், கம்பத்துக்கு இணங்கினாள், கானுக்கு இணங்கினாள். ஒவ்வொன்றுக்கும் உடம்பிலிருந்து ஏதோ ஒன்றை எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. இப்போது தேடிப் பார்த்தால் இணங்குவதற்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை. மறுப்பதற்குத் தைரியம் வேண்டும் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தாள். வேண்டியிருக்கவில்லை.

"அக்கா, நிக்கிறீங்களா?"

"நிக்கிறன்."

"நாளைக்கு அவர் வாறார். சரியா?"

"வரச் சொல்லாத றொபி."

"ஏன்? நாளைக்கு ஏலாட்டி ஞாயிறு..."

"ஞாயிறும் வேணாம். கிணத்தை நான் தரமாட்டன்."

அவள் குரல் உயரவில்லை. சோறு போதும் என்று தட்டின் மேல் கையை வைப்பதுபோல்தான் சொன்னாள். அவன் அதைக் கோபம் என்று எடுத்துக்கொள்ள வழியே இல்லை.

"அப்ப நான் வர ஏலாது" என்றான்.

"விளங்குது."

"விளங்கியும் சொல்றீங்களா?"

"ஓம் தம்பி."

அவன் முகம் போனிலிருந்து விலகிற்று. குப்பைத்தொட்டியும், மூடிய கதவு ஒன்றும், அங்கத்தைய வெயிலும் மட்டும் தெரிந்தன. அவன் போனை வைக்கவில்லை. உள்ளே கோப்பைகள் கழுவுகிற சத்தம் கேட்டது. அவளும் வைக்கவில்லை. வீட்டுக்குள் இருட்டத் தொடங்கியிருந்தது. விளக்கைப் போட எழும்பாமல், அவன் மறுபடி கேட்டால் மறுபடியும் அதையே சொல்வதற்காக அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.